‘ஏன்’ கேட்காத மிஸ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. ஓ.எல். வரைக்கும்தான் படித்தேன், அதிலும் கணக்கில் தவறிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் சிற்றூழியராக இருக்கிறேன். கூட்டுவது, மணி அடிப்பது, வகுப்பு வகுப்பாக நோட்டீஸ் கொண்டுபோவது, அறைகளைப் பூட்டித் திறப்பது என் வேலை. ஒரே ஒரு கடிதத்தைத் தவிர, இதுவரை நான் எழுதியதெல்லாம் சாமான் இடாப்பில்தான்: வெண்கட்டி இரண்டு பெட்டி, தும்புத்தடி மூன்று. நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் வாயைத் திறப்பதே இல்லை. ஆனாலும் அன்று அந்த மாடிப்படியில் நின்ற பெரியவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் இதை எழுதப்போவதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

மிஸ்ஸின் பெயரை எழுதவில்லை. பிள்ளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது நடந்த அடுத்த வருடமே மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு, அதுவும் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டே இருக்கும். பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பித்தார். கதிரையில் இருக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேலேயே இருப்பார். ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவரும் கண்டுவிட்டார்.

“கையை விட்டா அது போய் எல்லாரின்ட அலுவலையும் செய்யும் தங்கச்சி. அதான் பிடிச்சு வச்சிருக்கிறன்” என்றார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. அவர் யாரிடமும் ‘ஏன்’ என்று கேட்கமாட்டார்.

சும்மா சொல்லவில்லை. நான் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். வழியில் நெரிசல் பிடித்தால் முதல் மணி அடிக்க ஆள் இருக்காது. மற்ற ஆசிரியர்கள் வாசலிலேயே பிடிப்பார்கள்: “ஏன் லேட்?” நான் காரணம் தேடுவேன். பஸ் என்பேன், மகனுக்குக் காய்ச்சல் என்பேன். சில நாள் உண்மை, சில நாள் பாதி உண்மை. மிஸ் மட்டும் “வந்திட்டீங்களா? தேத்தண்ணி குடிச்சீங்களா?” என்பார். அவ்வளவுதான். காரணம் சொல்லத் தேவையில்லாத அந்த ஒரு ஆளிடம்தான் நான் ஒருநாள் முழு உண்மையையும் சொன்னேன். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு திறக்காமல் கிடந்தார் என்று. அவர் அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. “இப்ப திறந்திட்டாரா?” என்றார். “ஓம் மிஸ்” என்றேன்.

அவரும் கொட்டாஞ்சேனைதான். சில நாட்களில் ஒரே பஸ்ஸில் வருவோம். ஒருநாள் காலை, கொச்சிக்கடையில் ஏறிய ஒரு பெண் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்கூட “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட” என்று எல்லாரையும் முன்னுக்குத் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் “ஏன் மகள் அழுறீங்க, ஏன்?” என்று கேட்கக் கேட்க அவள் இன்னும் சுருங்கினாள். அவர் இறங்கியதும் மிஸ் போய் அந்த இடத்தில் இருந்தார். அவளைப் பார்க்கவில்லை. முன்னால் தெரிகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். மூன்று தரிப்பிடம் தாண்டியது. நாலாவதில் அந்தப் பெண் தானாகவே கதைக்கத் தொடங்கினாள்.

இதைத்தான் அவர் பிள்ளைகளுக்குப் பழக்கினார்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்திருந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். காகிதத்தில் அந்தக் குழுவுக்கு ‘சகபாடி வழிகாட்டிகள்’ என்று நீளமான பெயர் இருந்தது. பாடசாலையில் எல்லாரும் ‘கதிரைக்காரிகள்’ என்றுதான் சொன்னோம். புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கு வெறும் வகுப்பு ஒன்றில் பயிற்சி. கஷ்டம் சொல்ல வருகிற பிள்ளைகளுக்கென்று, இரண்டாம் மாடியில், பழைய தேசப்படங்களும் உடைந்த பூகோள உருண்டைகளும் போட்டு வைத்திருந்த சின்ன அறையை நானும் அவரும் ஒதுக்கிக் கொடுத்தோம். அங்கே இரண்டு கதிரை. எதிரெதிரே இல்லை. பக்கத்தில் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி.

“முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தா பிள்ளை உங்களுக்குப் பிடிச்ச மாதிரிக் கதைக்கும். ரெண்டு பேரும் ஜன்னலைப் பாருங்கோ” என்பார்.

பயிற்சியில் யாராவது ‘ஏன்’ என்று கேட்டால் தண்டனை. கீழே இறங்கிப் போய் நெட்போல் மைதானத்தை ஒரு தரம் சுற்றி வர வேண்டும். முதல் மாதம் புதன்கிழமை பின்னேரங்களில் மைதானத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

“எத்தினை ரவுண்டடி இண்டைக்கு?”

“ஆறு. பாஸாகிறனோ இல்லையோ, மெலிஞ்சிடுவன்.”

விளையாட்டு மிஸ் இதைப் பார்த்து, ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே பழகுகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளை பதில் தேடும் என்பது மிஸ்ஸின் கணக்கு. பதில் கிடைக்காவிட்டால் பொய்யை எடுத்துத் தரும். ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லும். “நீங்க பொலிஸ் இல்ல. சாமியாரும் இல்ல. பக்கத்துக் கதிரை. அவ்வளவுதான்” என்று அவர் சொல்லுவதை, கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது பாடம், சொல்லாமல் இருப்பது. “கேட்டது உங்களோட நிக்கவேணும். என்னட்டயும் சொல்லத் தேவையில்ல. நான் கேக்கவும் மாட்டன்.”

அதைப் பிள்ளைகள் எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்களை உடைத்துவிட்டு, கதிரைக்காரி ஒருத்தியிடம் சொல்லி அழுதிருக்கிறது. அந்தக் கதிரைக்காரியின் பெயர் ஷெரின் என்று வைத்துக்கொள்வோம். கொச்சிக்கடைப் பக்கத்துப் பிள்ளை, தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. கட்டை, பெரிய குரல், பெரிய சிரிப்பு. உப அதிபர் அவளைக் கூப்பிட்டு ஒரு பாடம் முழுக்க நிற்க வைத்துக் கேட்டார். நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். ஷெரின் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்: “எனக்குத் தெரியும் சேர், ஆனா சொல்லேலாது.” கடைசியில் உடைத்த பிள்ளை தானாகவே வந்து சொல்லிவிட்டது. அன்று மிஸ் ஷெரினின் தோளைத் தொட்டார். அவர் ஒரு பிள்ளையைத் தொட்டு நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

அன்றைக்கு எனக்குள் ஒரு கேள்வி வந்தது. உடைந்தது கண்ணாடி. வேறு ஏதாவது என்றால்? சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை ஒரு பிள்ளை கேட்டுவிட்டால்? தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். படித்த மனுஷியிடம் நான் என்ன கேட்பது என்று கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். இன்றுவரைக்கும் அது எனக்குள் கிடக்கிறது.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஏதோ ஒரு ஃபோட்டோவை யாரோ ஃபோன் குழுவில் போட்டுவிட்டார்கள் என்று அதே தேசப்பட அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அந்த அறையின் கதவில் குமிழ்ப் பூட்டு. உள்ளே இருந்து குமிழை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், வெளியில் இருந்தென்றால் திறப்புப் போட்டுத் திருப்ப வேண்டும், இருந்த ஒரே திறப்பும் உள்ளே கிடந்தது. உப அதிபர் காவலாளியைக் கூட்டி வந்து, இரும்புக் கம்பியால் கதவை நெம்பித் திறந்தார். இரண்டு மாடிப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அந்தப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு நின்றது. அடுத்த நாளில் இருந்து அது பாடசாலைக்கு வரவேயில்லை.

கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு திறப்பு. ஒன்று அறைக்குள் ஆணியில் தொங்கும். மற்றதை மிஸ் வாங்கி என் கையில் வைத்தார்.

“இது உங்களிட்ட இருக்கட்டும் தங்கச்சி. கதவடியில நிண்டு கதைக்கிற பிள்ளை கேட்டா மட்டும் குடுங்கோ. வேற ஆர் கேட்டாலும் குடுக்காதீங்கோ. நான் கேட்டாலும்.”

“நீங்க கேட்டாலுமா மிஸ்?”

“நானும் பயந்தா சேரைப் போலதான் செய்வன்.”

ஒருமுறை இடாப்பில் கையெழுத்து வாங்க அவருடைய வீட்டுக்குப் போனேன். மேல்மாடியில் இரண்டு அறை. சுவரில் ஒரு பெடியனின் படம், பட்டமளிப்பு உடுப்பில். வெளிநாட்டில் இருக்கிற மகன், ஒன்றரை வருடமாக ஃபோன் பண்ணுவதில்லை என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. “ஏன் எண்டு கேக்கேல்லையா மிஸ்?” என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மணிக்கூட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, “கேட்டா சொல்லுவான் தங்கச்சி. அதுதான் பயம்” என்றார்.

அதற்குப் பிறகு, புதன்கிழமைகளில் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றும்போது எனக்கு முந்தி மாதிரிச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பாடசாலைகளுக்குள் ஐஸ் என்கிற போதைத்தூள் வருகிறது என்று ஊரெல்லாம் பயம் பிடித்திருந்த காலம். காலையில் வாசலில் மேசை போட்டு, நீலக் கழுத்துப்பட்டி கட்டிய மாணவத் தலைவிகள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். மிஸ் தன் பன்னிரண்டு பேரில் ஒருத்தரையும் அந்த மேசைக்கு விடவில்லை. “காலையில பையைக் கிளறின கைக்கு, மத்தியானம் ஒரு பிள்ளையும் வந்து ஒண்டும் சொல்லாது” என்று கூட்டத்தில் சொன்னாராம். உப அதிபருக்கு அந்தக் கோபம் இருந்தது.

அன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பைக்குள் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன ஊசி இருந்தது. பிள்ளையின் பெயரை ரம்யா என்று வைத்துக்கொள்கிறேன். மருந்து ஏற்றுகிற ஊசி. பையைத் திறந்த தலைவி அதைத் தூக்கிப் பிடித்து “இது என்ன?” என்று கேட்டிருக்கிறாள். வரிசையில் நின்ற எல்லாரும் கண்டார்கள். ரம்யா பையை விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். பை அப்படியே, சாப்பாட்டுப் பெட்டியோடு, சாட்சி என்று உப அதிபரின் அறைக்குப் போனது. முதல் பாடம் முடிவதற்குள் ‘ஒன்பது பியில ஒருத்தி ஐஸ் அடிக்கிறாளாம்’ என்று ஆறாம் வகுப்புவரை போய்விட்டது.

வீட்டுக்கு ஓடியிருப்பாள் என்று வீட்டுக்கு ஃபோன் பண்ணினார்கள். யாரும் எடுக்கவில்லை. தாய் வேலைக்குப் போகிறவர். ஒன்பது மணி தாண்டியபிறகுதான் ஷெரின் கண்டுபிடித்தாள். தேசப்பட அறைக் குமிழ் திரும்பவில்லை. உள்ளே அழுகைச் சத்தம்.

மிஸ் வந்தார். என்னையும் கூப்பிட்டார். மற்றப் பிள்ளைகளை வகுப்புகளுக்கு அனுப்பி, நடைபாதைக் கதவையும் சாத்தினார். ஷெரின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருந்தாள். மிஸ் கொஞ்சம் தள்ளி மாடிப்படியின் மேல்தட்டில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஷெரின் தெரிவாள், அவள் கதைப்பது கேட்காது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் பழக்கியிருந்தார். நான் இரண்டு படி கீழே, திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஷெரினின் பெரிய குரல் அன்று எவ்வளவு சின்னதாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உதடு அசைவதுதான் தெரிந்தது. இடையில் கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. ஷெரின் காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ரயில் போய் முடிந்தபோது அழுகைச் சத்தம் குறைந்திருந்தது. ஷெரின் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் பண்ணுகிற மாதிரி இருந்தது.

மிஸ் என் பக்கம் குனிந்து, “சொல்லிட்டுது. இனிப் பயமில்ல” என்றார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம்.

அந்த நேரம் உப அதிபர் படியேறி வந்தார்.

“என்ன நடக்குது இங்க? ஊசி பிடிபட்டிருக்கு. பொலிசுக்குச் சொல்லவேணும். கதவைத் திறவுங்கோ.”

“சேர், பிள்ளை கதைச்சுக்கொண்டிருக்கு. கொஞ்ச நேரம் தாங்கோ.”

“கதவோட கதைக்க ஒரு பிள்ளை. அதைப் பாத்துக்கொண்டிருக்க ஒரு டீச்சர். நல்ல பள்ளிக்கூடம்!” பிறகு என்னைப் பார்த்தார். “அம்மா, திறப்பு உங்களிட்டதானே? இங்க தாங்கோ.”

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். இத்தனை வருட வேலையில் நான் ஒரு அதிகாரிக்குக் கொடுக்காமல் விட்ட முதல் சாமான் அது.

“அவவை விடுங்கோ சேர். நான் பொறுப்பு” என்றார் மிஸ்.

“எழுதித் தருவீங்களா?”

“தருவன்.”

உப அதிபர் ஃபோனை எடுத்தார். யாருக்கோ எடுத்து, வைத்து, திரும்ப எடுத்தார். உண்மையில் அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். நெற்றியெல்லாம் வியர்வை. பத்து நிமிடம் போயிருக்கும். உள்ளே சத்தமே இல்லை. மிஸ் அசையவில்லை. கைகள் தொடைக்குக் கீழே.

ஷெரின் எழும்பினாள். வெறுங்காலோடு எங்களிடம் வந்தாள். அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

“அன்ரி, திறப்பு” என்று என்னிடம் கை நீட்டினாள்.

“இப்ப வேண்டாம் ஷெரின்” என்றார் மிஸ் மெதுவாக. “அழுகை நிண்டிட்டுது. அவ தானா வருவா. இவ்வளவு நேரம் இருந்தனீ, இன்னும் கொஞ்சம் இரு.”

“இல்ல மிஸ். திறக்கவேணும்.”

“ஏன்?”

அந்தச் சொல்லை அவர் வாயில் இருந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கே அது விளங்கியதோ தெரியாது. ஷெரின் வாயைத் திறந்தாள், மூடினாள்.

“சொல்லேலாது மிஸ்.”

“பாத்தீங்களா!” உப அதிபர் படிக் கைப்பிடியில் ஒரு அடி அடித்தார். “இதுதான் உங்கட பயிற்சி!”

மிஸ் எழும்பினார். கை வெளியே வந்தது. என் பக்கம் நீண்டது. “தங்கச்சி, என்னட்ட தாங்கோ. நான் பாக்கிறன்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் உப அதிபர். ஒருவர் மிஸ், நான் மதித்த ஒரே ஆள். மூன்றாவது, பதினெட்டு வயதுப் பிள்ளை, காரணம் சொல்லாமல் நிற்கிறது. நான் மிஸ்ஸின் நீட்டிய கையைத் தாண்டித் திறப்பை ஷெரினிடம் கொடுத்தேன். மிஸ்ஸின் விரல்கள் என் கையில் பட்டன. குளிர்ந்து கிடந்தன.

ஷெரின் ஓடினாள். கதவு திறந்த அடுத்த நொடியே அவளுடைய பழைய குரல் கேட்டது, இரண்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி.

“சீனி! அன்ரி, சீனி போட்ட என்னமும் கொண்டு வாங்கோ! அவவுக்குச் சீனி வருத்தம்! காலைல ஊசி போட்டவ, ஒண்டும் சாப்பிடேல்ல! கெதியா!”

நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. கேன்டீனில் ஒரு இனிப்புச் சோடாவைப் பிடுங்கிக்கொண்டு, பேணியில் இருந்த சீனியில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு ஏறினேன். ரம்யா சுருட்டி வைத்த தேசப்படங்களுக்கு இடையில் சரிந்து கிடந்தாள். யூனிபோர்ம் முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஷெரினை வேறு யாருடையவோ பெயரால் கூப்பிட்டு, டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று குழறினாள். ஷெரின் அவளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவைப் பருக்கினாள். “விழுங்கு தங்கச்சி. இன்னொண்டு. இன்னொண்டு.” பாதி நெஞ்சில் வழிந்தது. மிஸ் வாசலில் நின்றார். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. உப அதிபர்தான் கீழே ஓடி முச்சக்கரவண்டியை உள்ளே கூப்பிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

வண்டியில் ஏற்றும்போது ரம்யாவுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. “ஆருக்கும் சொல்லாதீங்க அக்கா” என்றாள். வாசலில் நின்ற பாதிப் பாடசாலைக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது.

பின்னேரம் தாய் சொல்லித்தான் முழுக்கதையும் விளங்கியது. இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் ஒரு ஊசி, பள்ளிக்கூடம் முடிந்து நேரே டியூஷனுக்குப் போவதால் பின்னேர ஊசி பைக்குள். பத்து மணிக்கு முன் கட்டாயம் சாப்பிட வேண்டும். பாடசாலைக்குத் தாய் ஒருநாளும் சொல்லவில்லை. “பொம்பிளைப் பிள்ளை. நாளைக்குக் கலியாணம் எண்டு வரேக்க ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்” என்றார். பத்து மணிச் சாப்பாடு உப அதிபரின் அலுமாரிக்குள் சாட்சியாக இருந்தது.

வண்டி போனபிறகு மிஸ்ஸும் ஷெரினும் மாடிப்படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் சிந்தின சோடாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் கேட்டது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ரயில் போனாப் பிறகு சொன்னவ மிஸ்.”

“சேர் வர முன்னமா?”

“ஓம் மிஸ்.”

“சாப்பிடேல்ல எண்டும் தெரியுமா?”

ஷெரின் வெறுங்காலைப் படியில் தேய்த்தாள். “சொன்னவ. சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான். பிறகு அவவின்ட கதை மாறிட்டுது. எங்கட அப்பாவுக்கும் சீனி குறைஞ்சா அப்பிடித்தான் கதைப்பார். ஒருக்கா கூப்பிட்டன், பதில் வந்தது. ரெண்டாந்தரம் வரேல்ல. அப்பதான் எழும்பினனான்.” பிறகு அவள் குரல் உடைந்தது. “நான் முந்தியே சொல்லியிருக்கவேணுமா மிஸ்? எனக்குத் தெரியேல்ல மிஸ். சொல்லேலாது எண்டுதானே...”

“ஓம்” என்றார் மிஸ். “அப்பிடித்தான் சொல்லித் தந்தனான்.”

அவளைத் தொடவில்லை. நான் துணியைப் பிழிந்துகொண்டு, அவர் ஏதாவது சொல்லி அந்தப் பிள்ளையைத் தேற்றுவார் என்று காத்திருந்தேன். அன்று முதல்முறையாக எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் புதன்கிழமை. ஷெரின் வரவில்லை. அதிபர் எங்கள் மூன்று பேரிடமும் நடந்ததை எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். மூன்று கடிதங்களையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ்ஸின் கடிதம் ஒட்டப்படாமல் இருந்தது. “மாணவி திறப்பைக் கேட்டபோது நான் மறுத்தேன்” என்று முதல் வரியில் எழுதியிருந்தது. பதினொரு மணிக்கு ரம்யாவின் தாய் ஃபோன் பண்ணி, ஆஸ்பத்திரியில் இன்னும் ஒருநாள் வைத்திருக்கிறார்கள், காலையில் பாண் சாப்பிட்டாள் என்று சொன்னார். இரண்டு மணிக்குப் பயிற்சிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் இருந்து மிஸ் ஒரு தாதியைக் கூப்பிட்டிருந்தார். சின்னப் பெண். சீனி குறைந்தால் என்ன அடையாளம், என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அரை மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தார். மிஸ் கடைசி வரிசை வாங்கில் பிள்ளைகளோடு இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டார்.